இரண்டு விரல் அகலம்

இரண்டு மாத இருட்டு முடிந்து
சூரியன் முழு வட்டமாய் எழும் நாள்.
வார்டோ தீவில் பீரங்கி முழங்கும், பள்ளிகளுக்கு விடுமுறை.
உறைந்து இறுகிய சமையலறைச் சன்னலை
உள்ளங்கையால் நெம்பினேன்.
பீரங்கிக்கு முன்னால்
என் முதுகில் ஏதோ வெடித்தது,
காய்ந்த மீன்துடுப்பு ஒடிகிற அளவுக்குத்தான் சத்தம்.
சூரியன் வந்தபோது நான் தரையில் கிடந்தேன்.

"விழுந்தீர்களா?"
இல்லை.
"கனமாக எதையாவது தூக்கினீர்களா?"
சன்னலைத் திறந்தேன்.
மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார்.
படத்தில் ஒரு முள்ளெலும்பு
ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது.

எய்லிஃபுக்கு விளங்கவில்லை.
காட் மீன் உலர்த்தக் கழிச்சட்டம் கட்டுகிறவன்,
அவன் மொழியில் சொன்னேன்:
உன் சட்டத்தில் இரண்டு கூட்டம் வேலை செய்வதாக வைத்துக்கொள்.
ஒன்று நைந்த கழிகளைக் கழற்றும்,
பின்னாலேயே மற்றது புதிய கழி கட்டும்.
இளமையில் கட்டுகிறவர்கள் கை ஓங்கும்.
முப்பதுக்குப் பிறகு கொஞ்ச காலம் சரிக்குச் சரி.
மாதவிடாய் நின்றதும்,
கழற்றுகிறவர்களை அதட்டி வைத்திருந்த மேஸ்திரி
சொல்லாமல் வேலையை விட்டுப் போகிறாள்.
அப்புறம் பத்து கழற்றினால் ஏழுதான் கட்டுகிறார்கள்.
தூரத்திலிருந்து பார்த்தால்
சட்டம் அப்படியே நிற்கும்.
"முதலில் எந்தக் கழி போகும்?" என்றான்.
குறுக்குக் கழி.
தேநீரைக் கீழே வைத்தான்.
"குறுக்கு இல்லாவிட்டால் நெடுங்கழி காற்றுக்கே வளையுமே, ஹால்டிஸ்."

செவிலி ஒரு படிவத்தோடு வந்தாள்.
அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா? ஆம், அஞ்சலகப் படியில்.
புகை? நாற்பத்தொன்று வரை, நானே சுருட்டி.
மாதவிடாய் எப்போதாவது நின்றதா?
இங்கே நான் மௌனமானேன்.

பதினேழு வயதில் பனிச்சறுக்குப் பந்தயம்.
எடை குறைந்தால் மேட்டில் இறக்கை முளைக்கும் என்றார் பயிற்சியாளர்.
இரவுச் சாப்பாட்டைத் தெளிந்த சூப்பாக்கினேன்.
இரண்டு வருடம் ரத்தமே வரவில்லை,
வசதியாய்ப் போயிற்று என்று அறை முழுக்கச் சிரித்தோம்.
கட்ட வேண்டிய வயதில்
எனக்குக் கழிகளே வந்து இறங்கவில்லை.
ஒரு வெள்ளிக்கோப்பை வந்தது.

பிறகு நண்டு ஆலை.
ராட்சத நண்டுகள் அவிகிற ஆவி நெஞ்சில் இறங்கி ஆஸ்துமா ஆயிற்று.
பதினோரு வருடம் ஸ்டீராய்டு மாத்திரை;
மூச்சைக் கொடுத்துவிட்டு
கூலியை வேறு இடத்தில் எடுத்துக்கொண்டது.
"எலும்பு தேய உழைத்தவர்"
என்று மேலாளர் விடை கொடுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள்.
ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

நான்கு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறேனாம்.
மேல் அலமாரித் தட்டை எய்லிஃப்தான் உயர்த்திவிட்டான் என்று
மூன்று வருடமாய்ச் சண்டை போட்டிருக்கிறேன்.
மன்னிப்புக் கேட்டேன்.
"இறக்கித் தரவா?"
வேண்டாம். அங்கே அந்தக் கோப்பை இருக்கிறது,
எட்டாமலே இருக்கட்டும்.

வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில்.
விழுங்கிய பின் அரைமணி நேரம் படுக்கக்கூடாது,
நிமிர்ந்தே இருக்க வேண்டும்.
அந்த அரைமணியும் பார்க்க எனக்குச் சன்னல்தான்,
அன்றைக்கு நின்ற இடத்திலேயே,
இரண்டு விரல் அகலம் திறந்து.
கடல்காற்று கத்தியாய் வருகிறது.
எய்லிஃப் சாத்தப் போனான்.
கை வைக்காதே, என்றேன்.
அது நான் திறந்தது.