பகுதிச் சேதம்

பதினேழாம் நாள் காலையில்
அட்டையும் பேனாவுமாக ஒரு பையன் வந்தான்.
சமார் தீவின் சேற்றில்
காலணி நனையாமல் நடக்கத் தெரிந்தவன்.

கூரை? என்றான்.
கடலில், என்றேன்.
வடக்குச் சுவர்?
கடலில்.
தெற்கு?
லிபோரியோவின் தென்னையடியில் கிடக்கிறது,
வேண்டுமானால் போய் எழுதிக்கொள்.
கிழக்கை அவன் கேட்கவில்லை, பார்த்தான்.
நின்றுகொண்டிருந்தது.
அதில் அறைந்த மரத்தட்டு,
தட்டின் மேல் சிவப்பு அங்கியில் குழந்தை இயேசு,
காலடியில் ஊறிப்போன தீப்பெட்டி.

பகுதிச் சேதம் என்று எழுதினான்.

முழுச் சேதத்துக்குத் தருவதில்
மூன்றிலொரு பங்கு.
அதுவும் எப்போது என்றால்
பட்டியல் நகரசபைக்குப் போகும்,
அங்கிருந்து மாகாணத்துக்கு,
மாகாணத்திலிருந்து மணிலாவுக்கு.
அவன் கை காட்டிய திசையில்
என் கூரையைக் கொண்டுபோன கடல்தான் இருந்தது.

படகைக் கட்டி வருகிறேன் என்று போன மனிதருக்கு
வேறொரு பட்டியல்.
உடல் கிடைத்தால் இறந்தவர்.
கிடைக்காதவரை காணாதவர்.
காணாதவருக்குச் சான்றிதழ் இல்லை,
சான்றிதழ் இல்லாதவருக்குப் பணமில்லை.
அவரும் பகுதிச் சேதம்தான் போலிருக்கிறது.

பள்ளிக்கூட அரங்கில் அரிசி மூட்டை மலையாய்க் கிடக்கிறது,
மூட்டையில் யார் முகத்தை ஒட்டுவதென்று
இன்னும் முடிவாகவில்லையாம்.
எங்கள் தெருவுக்கு வந்தது
இரண்டு கிலோ, புழுவோடு.
நான்கு டப்பா மத்தி. திறக்கக் கத்தியில்லை,
பாறையில் தேய்த்துத் திறந்தோம்.
பதினைந்து வருஷம் மத்தி உலர்த்தி விற்றவள்
எந்தக் கடலிலோ பிடித்த மத்திக்கு
வரிசையில் நின்றேன்.

இரவு கொழுந்தன் தியோபிஸ்தோ கடப்பாரையோடு வந்தான்.
ஒரே இடி, அண்ணி.
காற்று தள்ளியது என்று சொல்லிக்கொள்ளலாம்.
தெருவில் மூன்று வீடு அப்படித்தான் விழுந்தது,
புயல் போய்ப் பல நாள் கழித்து,
இலை அசையாத இரவில்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.

நாளை பார்ப்போம் என்று அனுப்பிவிட்டுச்
செபமாலையை எடுத்தேன்.
கயிறு அறுந்து பாதி மணிகள் போயிருந்தன.
அருள்நிறை மரியே என்று தொடங்கிய நாக்கு
வரிசையில் நின்று நின்று பழக்கம் கெட்டு,
பெயர் பிரிமித்திவா அமிஸ்தோசோ,
வீட்டில் உள்ளோர் நான்கு,
இல்லை, எழுதுங்கள், மூன்று,
என்று ஒப்பிக்க ஆரம்பித்தது.
சரி, மன்றாட்டு வராவிட்டால் மனுவையே கேள் என்றேன்.

கேட்டால் கேள்.
ஊரையே வாரிக்கொண்ட காற்று
உன்னை மட்டும் தொடப் பயந்ததா,
இல்லை, உன் இடத்தை மட்டும்
நீ பிடித்துக்கொண்டாயா?
ஒரு சாண் தட்டுக்காக ஒரு சுவரையே காத்தாய்,
அந்தச் சுவர்தான் இன்று எனக்கு எதிர்சாட்சி.
தூக்கிய இரண்டு விரலால்
ஒரு படகுக் கயிற்றைப் பிடித்திருக்கக் கூடாதா?
மண்ணாய்ப் போகிறவனே, பேசு.

திட்டிக்கொண்டே இருக்கையில் மழை வந்தது.
தார்ப்பாயை எங்கே கட்டுவது?
அந்தத் தட்டின் ஆணியில்தான்.
சுவரோடு ஒட்டிப் பிள்ளைகள் தூங்கினார்கள்.
நான் உட்கார்ந்து,
இல்லாத மணிகளுக்கும் சேர்த்துச் சொன்னேன்.
மீதியை மட்டும் சொல்ல மனசு வரவில்லை.

காலையில் தியோபிஸ்தோவிடம் சொன்னேன்,
கடப்பாரையை இங்கேயே வைத்துவிட்டுப் போ.
அரசாங்கம் தொண்ணூறு நாள் கேட்கிறது,
இவனுக்கு ஒன்பது நாள்
தவணை கொடுத்திருக்கிறேன்.

தட்டுக்கு நேர்கீழே
சாய்த்து வைத்திருக்கிறேன், அவன் கண்ணில் படும்படி.
இன்று நான்காம் நாள்.