இடது முன் சக்கரம்

எலும்பைப் படமெடுப்பது என் வேலை.
டிமாரு மருத்துவமனையில்
ஒவ்வொரு கைக்கும் பக்கத்தில்
ஈயத்தில் ஓர் எழுத்து வைப்பேன்: இடது, வலது.
பத்தொன்பது வருடத்தில்
ஒருமுறைகூட மாற்றி வைத்ததில்லை.
அப்படிப்பட்ட எனக்கு
லீட்ஸிலிருந்து கடல் தாண்டி வந்த பெட்டியில்
வலது சிலிண்டர்.

பெட்டி சரி. எண் சரி.
எண்ணின் வாலில் இருந்த எழுத்து மட்டும்
அச்சு மங்கி, எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம் போல.
எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தால்
எழுபது வருடமாக யாரும் தொடாத உலோகம்
கண்ணாடிக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தது.

ஷெட்டில் கார் நுழைந்து நான்கு குளிர்காலம்.
கதவுகள் ஒரு விரலுக்கு மூடுகின்றன.
பச்சைகூடப் பழைய பச்சை,
டாஷ்போர்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தில்
சுரண்டிப் பார்த்துக் கலந்தது.
ஓடச் சொன்னால் ஓடும்.
நிற்கச் சொல்லத்தான் வழியில்லை.

ஆக்லாந்துக்காரர் ஒருவர்
புதிதாக வார்த்த நகல் அனுப்பினார்.
முதல் மிதியில் வியர்த்தது,
மூன்றாவதில் அழுதது.
இன்னொன்றின் துளை அரை மில்லிமீட்டர் பெரிது.
சிரிக்காதீர்கள்.
நான் பார்க்கும் முறிவுகள் அதைவிட மெல்லியவை.

பிறகு ஃபேர்லியில்,
கால்நடைச் சந்தைக்கு வெளியே, மழையில்,
செம்மறி ஏற்றும் டிரெய்லர் ஒன்று.
செத்த காரின் முன் அச்சில்
யாரோ எப்போதோ பலகை அடித்துச் செய்தது.
குனிந்தது பழக்கதோஷம்.
சக்கரத்துக்குப் பின்னால், சேறும் புழுக்கையும் அப்பி,
அது.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
எண். எண்ணின் வால்.
இடது.

சொந்தக்காரர் யூவன் டாரன்ஸ்.
"விற்பீர்களா?"
"நிற்கிறதே" என்றார்,
ஒரு பொருளைப் பற்றி அதற்கு மேல்
என்ன சொல்வது என்பதுபோல.
மலை இறக்கத்தில், உறைபனியில்,
பதினெட்டு ஆடுகளோடு நின்றிருக்கிறதாம்.
"உங்களுடையது கண்காட்சியில் நிற்கிற காரா,
சாலையில் நிற்கிற காரா?"
பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

கடைசியில் பண்டமாற்று.
டிரெய்லருக்குப் புது அச்சு, புது பிரேக், என் செலவு.
பில் போட்ட பையன்
என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

கழற்றியதை ஒரு ஞாயிறு இரவு
எக்ஸ்ரே மேசையில் வைத்தேன்
(யாரிடமும் சொல்ல வேண்டாம்),
பக்கத்தில் ஈய எழுத்தோடு.
படம் முழுக்க வெள்ளை.
இரும்பு தன் சங்கதியை வெளியே சொல்வதில்லை.
டார்ச் அடித்துப் பார்த்தால்
உள்சுவரில் அம்மைத் தழும்பு.

டனீடன் கடைசல்காரர்
குடைந்து பித்தளை உறை செருகினார்.
உள்ளே பித்தளை, புது ரப்பர், புது எண்ணெய்.
வெளியே அதே எண்.
இதை அசல் என்று எழுதலாமா?
இடுப்பு மாற்றியவர்களைத் தினமும் படமெடுக்கிறேன்.
பெயர் கேட்டால்
பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

குழாயில் சிக்கிய காற்றை எடுக்க
ஒரு ஆள் போதாது.
டாரன்ஸ் வந்தார், கூப்பிடாமல்,
தன் சிலிண்டர் எந்த வீட்டுக்குப் போயிற்று என்று பார்க்க.
பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு
சாம்பல் காலுறையோடு ஏறி அமர்ந்தார்.
நான் கீழே, ரப்பர் குழாயும் ஜாம் பாட்டிலுமாக.
"அழுத்துங்கள்."
"பிடியுங்கள்."
திறந்தேன், குமிழ்கள், மூடினேன்.
"விடுங்கள்."
"சரி, டாக்டர்."
டாக்டர் இல்லை என்று முன்பே சொல்லியாயிற்று.
நாற்பது தடவை.
குமிழ் மிளகாகி, கடுகாகி,
காணாமல் போனது.
மேலிருந்து குரல் வந்தது:
"இப்போது கால் எதன்மேலோ நிற்கிறது."

ஷெட்டுக்கு வெளியே சரிவு.
என்ஜினைப் போடாமல் உருளவிட்டேன்.
வேலி வரை முப்பது அடி,
இருபது,
பக்கத்து இருக்கையில் அவர் பேசவில்லை.
நான் மிதிப்பதற்கு அரை நொடி முன்பே
சாம்பல் காலுறை
பெடலில்லாத வெறும் தரையை மிதித்தது.
அவருக்கு நேர் கீழே
இடது முன் சக்கரம்.