கேரட் லோடு

இரவு ஒரு மணி, கேத்தி பாலாடா.
நெற்றியில் டார்ச் கட்டியவர்கள்
கழுவிய கேரட்டை மூட்டை கட்டி எறிகிறார்கள்.
நாற்பது ஏறியதும் தார்ப்பாயை இழுத்து முடிந்து
இடுப்புக்கு ஒரு மாத்திரை போடுவேன்.
வெறும் வயிற்றில். கட்டஞ்சாயாவோடு.
பதினோரு வருஷம்.

காட்டேரி தாண்டியதும் வலி வண்டியில் ஏறும்.
நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே,
ஒற்றை விரல் வைத்துக் காட்டலாம், இங்கேதான் என்று.
பசிபோல இருக்கும். பசியில்லை.
பர்லியாறில் இரண்டு பன் தின்றால் படுத்துக்கொள்ளும்.
கல்லாறு பாக்குத்தோப்பு வருகையில்
எழுந்து உட்கார்ந்து, இன்னும் என்ன இருக்கு என்று கேட்கும்.

ஆளுக்கு ஒரு வைத்தியம்.
கிளீனர் பெள்ளன் மோர் என்றான்.
மண்டிக் கணக்கர் ரோஸ் நிற மருந்தைப்
பாட்டிலோடு கொடுத்தார், பாதி அவரே குடித்தது.
புஷ்பகாந்தி மிளகாயை வீட்டைவிட்டே துரத்தினாள்.
எட்டு மாதம் மணத்தக்காளிக் கீரை,
வெள்ளை வெளேரென்று ஒரு குழம்பு.
மாத்திரையை மட்டும் யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அது இடுப்புக்குத்தானே?

பிறகு ஒரு காலை
போனது கறுப்பாய்ப் போனது,
புதிதாய்ப் போட்ட ரோடு மாதிரி, அதே பிசுபிசுப்பு.
என்ன தின்றோம் என்று யோசித்தேன்.
தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.
இதைப் போய் யாரிடம் சொல்வது?

மூன்றாம் இரவு, ஒரு கொண்டை ஊசியில்
எதிர்வண்டியின் வெளிச்சம் அணையாமலே அணைந்தது.
கைப்பிரேக்கை இழுத்தது நினைவிருக்கிறது.
பெள்ளன் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்ததும்.
பின்னால் முட்டைக்கோஸ் லாரி விடாமல் ஹாரன் அடித்தது.
நியாயம்தான், மண்டி யாருக்கும் காத்திருக்காது.

குன்னூரில் இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள்.
தொண்டை வழியே குழாய் விட்டு
என் வயிற்றை எனக்கே டிவியில் காட்டினார்கள்.
கழுவிய கேரட் நிறத்தில் ஒரு சுவர்.
அதில் மழைக்கு மண் சரிந்த இடம்போல
வெளுத்த ஒரு குழி, விளிம்பெல்லாம் சிவப்பு.
சட்டைப் பொத்தான் அளவுதான்.
இத்தனூண்டா என்னை இந்தப் பாடு படுத்தியது?

டாக்டர் ஹசீனா சொன்னார்:
காரம் தோண்டியதில்லை இது.
திருகாணிபோல் ஒரு கிருமி, அமிலத்திலேயே குடித்தனம்.
பாதி அது தோண்டியது.
மீதியை உங்கள் இடுப்பு மாத்திரை.
புஷ்பகாந்தி என்னைப் பார்த்த பார்வையை
எந்தக் குழாய் விட்டும் படம் எடுக்க முடியாது.

பதினான்கு நாள், ஒருவேளையும் தப்பக் கூடாது.
மலை இறங்கினால் வளைவும் பதினான்குதான் டாக்டர், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பீடியை விடச் சொன்னார்.
வலி மாத்திரையை இனிக் கனவிலும் தொடாதே என்றார்.
மறுபடி கறுத்தால் தண்ணீர் ஊற்றாதே, ஓடி வா என்றார்.

ஐந்தாம் நாள் வலி போய்விட்டது.
வாயில் மட்டும் துரு, சாவிக்கொத்தைச் சப்பியதுபோல்.
அன்றைக்குத்தான் சீட்டை மூடி வைக்கத் தோன்றியது.
பாதி மலையில் நியூட்ரலில் விடுகிறவனை
நானே எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.
விழுங்கினேன்.

கிருமி போனதா என்று அடுத்த மாதம் சோதிப்பார்கள்.
போயிருக்கும். போகாமலும் இருக்கலாம்.
இடுப்பு வலிக்கிறது, பொய் சொல்வானேன்.
பர்லியாறில் இறங்கி வண்டியை மூன்று சுற்று நடக்கிறேன்.
தூக்குவாளியில் இட்லி, மிளகாய்ப்பொடி திரும்பி வந்துவிட்டது.

நேற்று இரவு கழுவுமிடத்தில்
கமலவேணி மூட்டையை இறக்கிவிட்டு
ஸ்வெட்டருக்குள்ளிருந்து அட்டையை உருவினாள்.
அதே பச்சை அட்டை.
சாப்பிட்டியா, என்றேன்.
கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் பார்த்தாள்.
வாளியைத் திறந்து நீட்டினேன்.
மணி ஒன்றரை, யார் சாப்பிடுவா என்றாள்,
கையை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து,
மண் போகத் துடைத்துக்கொண்டே.