மெதுவாக அனுப்பவும்

பகலெல்லாம் பல் செய்கிறேன்.
லியெபாயா நகரில், ஆஸ்பத்திரியின் பின்வாசல் அறையில்,
முகம் பார்த்திராத வாய்களுக்கு
மேல்வரிசை, கீழ்வரிசை, ஒற்றைக் கடைவாய்.
ஒருவர்கூட வந்து நன்றி சொன்னதில்லை.
சொல்வார்கள், என் பல்லால்தான் சொல்வார்கள்,
வேறு யாருக்கோ.

நாற்பத்தாறு வயதில் இது எதற்கு என்றாள்
பக்கத்து மேசை இங்கூனா.
"போனில் கூப்பிட்டால் பிரேசிலே எடுக்குமே!"
எடுக்கும்.
எடுப்பது யாரென்று தெரிந்துதானே கூப்பிடுகிறோம்.

ரீகாவுக்குப் பஸ். தேர்வு.
ஓம் விதி பிடித்திருந்தது.
அலைவரிசை எல்லைகளில் இரண்டு தப்பு.
ஆனாலும் பாஸ்.
தாளில் வந்த என் அழைப்புக்குறி
ஒய் எல் என்று தொடங்கியது. அது எங்கள் நாட்டுக்கான எழுத்து.
வானொலிக்காரர் கொச்சையில் அதற்கே
'பெண்' என்றும் பொருளாம்.
ஆக, இந்த நாட்டின் மீசைக்காரர் அத்தனைபேரும்
பெண் என்று சொல்லித்தான் வாயைத் திறக்கிறார்கள்.
மாடிப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

இருபது மீட்டர் கம்பி,
ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து லிண்டன் மரம்வரை.
குடியிருப்போர் கூட்டத்தில் மூன்று கேள்வி:
இடி இறங்குமா, டிவி கலங்குமா,
துணி காயப்போடலாமா.
மூன்றுக்கும் தலையாட்டினேன், பக்கவாட்டில்.
மறுநாள் கம்பியில் ஒரு காலுறை.

மோர்ஸ் எளிது என்றார்கள். பொய்.
எங்கள் எழுத்தில் நெடிலுக்குத் தலையில் ஒரு கோடு;
இங்கே கோடுதான் எழுத்தே.
டா டிட் டா டா. டிட் டா டிட் டிட்.
மெழுகு உருகும்வரை, பஸ் வரும்வரை
பல்லிடுக்கில் முணுமுணுத்தேன்.
ஜெபம் என்று நினைத்து
இங்கூனா கொஞ்ச நாள் மரியாதையாக நடந்துகொண்டாள்.

நவம்பர். செவ்வாய். இரவு ஏழு பத்து.
ஏழு மெகாஹெர்ட்ஸில்
தகரக் கூரையில் மழைபோல இரைச்சல்,
அதற்கடியில் யாரோ இத்தாலிக்காரர், யாரோ போலந்துக்காரர்,
என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாரும்.

யாராவது? யாராவது? என்று கேட்கும்
இரண்டே எழுத்தைத் தட்டினேன்.
பீங்கானை முடியளவு பிசகாமல் அராவுகிற கை
பித்தளைச் சாவியின்மேல்
கோழிக்குஞ்சாய் நடுங்கியது.
ஒன்பது முறை. ஈ காக்கை இல்லை.
பத்தாவதில் என் குறியையே தப்பாக அனுப்பினேன்.

அப்போதுதான் பதில்.
ஹெட்போனைப் பிடுங்கி எறியும்படி அத்தனை உரக்க.
ஒரு எழுத்தும் பிடிபடாதபடி அத்தனை வேகமாக.

மெதுவாக அனுப்பவும் என்பதற்கு மூன்றெழுத்து உண்டு.
மனப்பாடம் செய்தபோது
இது எனக்கெதற்கு என்று நினைத்திருந்தேன்.
அனுப்பினேன்.

அவர் நிறுத்தினார்.
பிறகு
ஒவ்வொரு
எழுத்தாய்,
வழுக்கும் பனியில் முன்னே போகிறவர்
நின்று நின்று காத்திருப்பதுபோல.

பெயர் ஒயார்ஸ்.
(நெடிலின் கோடு மோர்ஸில் வராது.
நானே போட்டுக்கொண்டேன்.)
ஊர், பிரேசில் இல்லை.
இத்தாலியும் இல்லை.
கரோஸ்தா.
கால்வாய்க்கு அந்தப் பக்கம்,
இரும்புப் பாலம் தாண்டி
சைக்கிளில் இருபத்தைந்து நிமிஷம்.

உலகத்தையே கூப்பிட்டு
உள்ளூரில் அகப்பட்டுக்கொண்டேன்.

வானிலை எப்படி என்றார். எல்லாரும் கேட்பதுதான்.
மழை என்றேன்.
சொல்லி முடிக்க முக்கால் நிமிஷம் ஆயிற்று.
இங்கேயும் என்றார்.
ஒரே மழைதான் என்று
இருவருமே சொல்லவில்லை.

வெல்டா, உங்கள் கை நல்ல கை என்றார்.
அதுவும் பொய்.
கடைசியாக
டா. டிட் டிட் டா.
நன்றி என்று அர்த்தம்.
பல்லே படாமல், நேராக எனக்கு.

குறிப்பேட்டில் முதல் வரி:
தேதி, நேரம், அலைவரிசை,
தூரம் ஆறு கிலோமீட்டர்.
தூரத்தை எழுதத் தேவையில்லை, எழுதினேன்.
வெளியே கம்பி முழுக்கத் துளி.
அந்தக் காலுறையை இதுவரை
யாரும் கேட்டு வரவில்லை.