பாகம் இலக்கம் 38

விரல் நுனியில் வைத்தால் நகத்துக்குள் ஒளிந்துவிடும்.
ஒரு நாக்கு, அவ்வளவுதான்.
சில்லை முன்னால் போகவிடும்,
பின்னால் வரவிடாது.
அது முறிந்த இரவு
கல்லடிப் பழைய பாலத்தில் வைத்து
றீலின் கைபிடி என் பெருவிரலை ஏழெட்டுத் தரம் அடித்தது.
கொடுவா நூலோடு போனது.
எனக்கு நகம் கறுத்தது.

பிரித்தேன். கிறீசும் மணலும் குழைந்த களி.
பெட்டிக்குள் மடித்துக்கிடந்த யப்பான் தாளில்
ஒவ்வோர் ஆணிக்கும் ஓர் இலக்கம்.
எழுத்து விளங்கவில்லை. 38 விளங்கியது.

டவுனில் மூன்று கடை.
முதலாவது ஆள் சிரித்தார்.
இரண்டாவது ஆள், "புதுசு ஒண்டு எடுங்க அக்கா, சீனத்துச் சாமான்."
மூன்றாவது ஆள் கையில் வாங்கிச் சுழற்றி,
கண்ணை மூடிச் சத்தம் கேட்டு,
"இதுக்கு இன்னும் முப்பது வருசம் கிடக்கு" என்றார்.
பிறகு, "பாகம் மட்டும் கிடைக்காது."
ஒலுவிலில் ஒருவரிடம்
இதே றீல், இதே பச்சை, செத்துக்கிடக்கிறது என்றதும் அவர்தான்.

ஐஸ் ஆலை இரைச்சலுக்குள்ளிருந்து இஸ்ஸதீன் பேசினார்:
"விலைக்குத் தருவீங்களா எண்டு
நானும் உங்கட ஆளத்தான் தேடிக்கிட்டு இருந்த."

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை.
ஆளுக்கொரு துணிப்பை.
"அவர் வரல்லியா?"
எவர்?
"தூண்டில் போடுறவர்."
வந்திருக்கன் என்றேன்.

அவருடையதில் நாக்கு புதுசு மாதிரி, பற்சில்லு மொட்டை.
என்னுடையதில் பற்சில்லு முழுசு.
இரண்டு பிணம், ஓர் உயிருக்குக் காணும்.

ஆயிரம் என்றேன். ஆயிரத்து இருநூறு என்றார்.
இரண்டாயிரம் வரை ஏறிப்போய் நின்றோம்.
விற்க ஒருவரும் வரவில்லை.
வடை ஆறியது.

பிறகு அவராகவே நாக்கைக் கழற்றி
மேசையில் வைத்தார். "அளந்துக்கிட்டுத் தாங்க."

பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வெர்னியர் என் பையில் இருந்தது,
கையெழுத்து வைத்துத்தான் எடுத்தேன்.
கடைக்காரரிடம் அரைக்கட்டிச் சவர்க்காரம் கேட்டு
இரண்டு பக்கமும் அழுத்தி அச்செடுத்தேன்,
கள்ளச்சாவி செய்பவள் மாதிரி.
பற்சில்லுக்கும் இப்படி ஒரு வழி இருக்குமா
என்று அவர் கேட்கவில்லை.
முப்பத்தாறு சாய்ந்த பல். அரத்துக்கு அடங்காது.
இரண்டு பேருக்கும் தெரியும்.
தேத்தண்ணிக் காசை நான் கொடுத்தேன்.
அது போதாது என்பதும் தெரியும்.

முதல் நாக்கு, பிளக்கின் பித்தளைக் கால்: ஒரு கிழமை உழைத்தது.
அடுத்தது வாள் அலகு: துளை போடும்போதே வெடித்தது.
மூன்றாவதுக்கு ஒரு மேசைக்கத்தியை வெட்டினேன்.
ஒன்பது இரவு அரம் இழுத்ததில்
பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை விட்டுவிட்டது.
சரியாக வரவில்லை, ஒரு மயிரளவு தடிப்பு.
ஆனாலும் சில்லு முன்னால் போகிறது,
பின்னால் வரவில்லை.
சத்தம் மட்டும் கொஞ்சம் கரகரப்பு,
தொண்டை கட்டின ஆள் காசு எண்ணுவது மாதிரி.

மாதம் ஒருக்கா இஸ்ஸதீன் போன் எடுப்பார்.
அங்கால மழையா,
முகத்துவாரம் வெட்டியாச்சா,
வாவி இன்னும் கலங்கலா.
கடைசியில் குரலை இறக்கி:
"அது எப்பிடி? சுகமா?"
சுகம் என்பேன்.
"அல்ஹம்துலில்லாஹ்" என்பார்.
அதற்கு முன்னால் ஒரு மூச்சளவு தாமதம்,
காணி பூமி உள்ள மாமியைச்
சுகம் விசாரிக்கும் மருமகனுக்கு வரும் தாமதம்.
பிழை சொல்லமாட்டேன்.
சவர்க்காரத்தில் அச்செடுக்க முடிந்தது
என் பாகமாய்ப் போனது, அவ்வளவுதான்.

நேற்றுக் கிறீஸ் பூச மூடியைக் கழற்றினேன்.
உள்பக்கம், பற்சில்லுக்கு நேர் மேலே,
அழியாத மையில் அவருடைய போன் இலக்கத்தை எழுதினேன்.
காயும்வரை ஊதினேன்.
அவருக்குச் சொல்லவில்லை.
பிறகு திருகாணி நாலையும் முறுக்கி,
இறால் வாங்கிக்கொண்டு
பாலத்துக்குப் போனேன்.