குளிர்ச்சியான இடம்

பெயர் நாகூரான். வயது நாற்பத்தெட்டு.
காசிமேடு. தொழில், கடல்.
சர்க்கரை முந்நூற்றெண்பது.

சீட்டில் பெயரைப் பார்த்ததும்
உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.
போன வாரம்தான் வகுப்பு நடந்தது:
நோயாளியின் பண்பாட்டை மதித்தல்.
பதினாறு ஸ்லைடு, கடைசியில் சமோசா.
நோன்பு மாதம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.
சஹருக்கு இத்தனை யூனிட், இஃப்தாருக்கு இத்தனை,
தலை கிறுகிறுத்தால் அன்றைய நோன்பை விட்டுவிடலாம்,
மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது என்று
மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.
கைலி முனையைச் செருகிக்கொண்டே
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
வரிசை படிக்கட்டு வரை நின்றது.
எழுந்துவிட்டவரிடம் கடைசியாக ஒன்று:
"மருந்தக் குளிர்ச்சியான எடத்துல வைங்க."
"அதுக்கு இன்னா மா, வச்சுடலாம்."

முப்பத்தாறு நாள் கழித்து வந்தார்,
ஒரு கை மனைவியின் தோளில்,
பாதத்தில் பழந்துணிக் கட்டு.
மீட்டர் எண் காட்ட மறுத்தது.
மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்று எழுதினேன்.
ஆங்கிலத்தில் அதற்கு ஒற்றைச் சொல்,
எழுத மூன்று நொடி.

"இன்னா எழுதற? ஊசி போடலன்னா?"
பவுனம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.
என் பேனா போன வேகத்தைப் படித்துவிட்டாள்.
"ஒருநாளு வுடல மா இது."
பாலிதீன் பையிலிருந்து குப்பியை எடுத்து
மேசைமேல் வைத்தாள்.
லேபிளில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"எங்க வச்சிருந்தீங்க?"
"நீ சொன்ன எடத்துலதான்.
போட்டுல ஜில்லுனு வேற எடம் ஏது?
மீன் ரூம்ல ஐஸுக்குள்ள பொதச்சிடுவேன்.
பத்து நாளு, பன்னெண்டு நாளு தங்கலு.
கல்லு மாரி ஆயிரும்.
கக்கத்துல வச்சி எளக்கி
அப்பால போட்டுக்குவேன்."

உறைந்து இளகிய இன்சுலினுக்குச் சக்தி கிடையாது.
விடிகாலையும் அந்தியும், தவறாமல்,
ஆடுகிற பலகையில் காலை அகட்டி நின்று
நடுக்கடலில் இந்த மனுஷன்
வயிற்றில் ஏற்றிக்கொண்டது
என் வாக்கியத்தை.

"நோன்பு இருக்கீங்களா?"
பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.
பவுனம்மா சிரித்துவிட்டாள்.
"நாகூருல வேண்டிகினு பெத்துச்சி இதும்மா,
அதான் அந்தப் பேரு.
ஆடியில எல்லையம்மனுக்குக் கூழு ஊத்தறது நாங்க."
"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"
அவர் தரையைப் பார்த்தார்.
"அவ்ளோ ஆசையா சொல்லிகினு இருந்தியா,
ஊடால எதுக்குன்னு..."

நான் நாகர்கோவில்காரி.
வந்த நாளாக இங்கே கேட்கிறார்கள்,
நீ மலையாளமா என்று.
இல்லை, தமிழ்தான், தமிழ்தான் என்று
ஒருவரையும் விடாமல் திருத்திவிடுவேன்.
வெள்ளைக் கோட்டு போட்டவளுக்கு அது சுலபம்.

எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து
ஓரத்தில் கையெழுத்திட்டேன்.
அழித்தது தெரியும்படிதான் அழிக்க வேண்டும், அது விதி.
மேலே என்ன எழுதுவது?
மருத்துவர் கேட்கவில்லை என்பதற்குச்
சீட்டில் கட்டம் இல்லை.

இரண்டு மண்சட்டி, நடுவில் ஈர மணல்,
சுக்கான் அறையில் நிழலான மூலை.
படகின் படத்தை அவரே போட்டுக் காட்டினார்,
என் மருந்துச் சீட்டின் முதுகில்.
எஞ்சின் சூடு அங்கே வராதா என்றேன்.
வரும் என்று சொல்லி
மூலையை அடித்துவிட்டு வேறிடத்தில் போட்டார்.

பிறகு கால்.
"புண் ஆறுறவரை தங்கலுக்குப் போகாதீங்க" என
நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டேன்:
"போகலன்னா வீட்டுல என்ன ஆகும்?"

அவர் தலையாட்டவில்லை.
பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தார்.