நாரைத் தபால்

நாலரை மணிக்கு முயல் வரும்.
பாட்டு முயலுக்கு, புதுச்சட்டை முயலுக்கு,
பென்சில் டப்பாவில் ஒட்டுகிற படமும் முயலுக்குத்தான்.
நாரைக்குக் கிடைப்பது இருபது நொடி.
துணி அலகு, கழுத்தில் காக்கிப் பை,
ஒரு கண் கறுப்புப் பொத்தான்,
இன்னொன்று வேறு ஏதோ சட்டையினுடையது.
கதவைத் தட்டும். பைக்குள் தலையை விட்டுத் தேடும்.
"உங்களுக்கு இன்னிக்கு ஒண்ணுமில்லை.
நாளைக்கு வந்து சொல்றேன்."
போய்விடும்.

கைப்பொம்மைகளைப் பார்க்கிறவள் இல்லை நான்.
மண்டபம் நண்டுக் கம்பெனியில்
நீலக்காலை உடைத்துச் சதை எடுத்து
பத்து விரலிலும் கீறலோடு
பாலம் தாண்டி, பாம்பனில் பஸ் இறங்கி வந்தால்
செர்லின் டிவி முன்னால் இருப்பாள்.
எனக்கு அது வீட்டில் கேட்கிற ஒரு சத்தம்.

இன்னாசி போன படகைப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான்
உட்கார்ந்து பார்த்தேன்.

சங்கத்து ஆபீசில் "ரெண்டு நாள்ல" என்றார்கள்.
ரெண்டு நாள் கழித்து "வர்ற வாரம்".
கோயிலில் சாமியார் "சீக்கிரம்" என்றார்.
மனு வாங்கிய அதிகாரி
பேனா மூடியைக் கடித்தபடி
"ஆயிடும்மா" என்றார்.
ஒருத்தருக்கும் கெட்ட மனசில்லை.
ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும்
உலையில் ஒரு கை அரிசி கூடப் போட்டேன்.
மறுநாள் அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றினேன்.

நாரை மட்டும்
ஒண்ணுமில்லை என்றது.
முகத்தைப் பார்த்துச் சொன்னது.
சொன்னபடி மறுநாள் வந்து
திரும்பவும் சொன்னது.

முப்பத்தோராம் நாள் ராத்திரி
"அப்பா எப்பம்மா வரும்?"
ரெண்டு நாள்ல
என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.
"இன்னிக்கு ஒண்ணுமில்லை பாப்பா.
நாளைக்கு வந்து சொல்றேன்."
தலையாட்டினாள். போர்வையை இழுத்துக்கொண்டாள்.
தூங்கிவிட்டாள்.
கொஞ்ச நேரத்தில் நானும்.

அறுபத்துநாலாம் நாள் வந்தான்.
மழித்த தலை, யாருடையதோ சட்டை.
படகு வரவில்லை.
கேட்டால் பதில் வர நேரமாகிறது.
செவ்வாய்க்கிழமை நான் சொன்ன வேடிக்கைக்கு
வியாழக்கிழமை காலை, சாளை கழுவும்போது, சிரிக்கிறான்.
கம்பெனியில் தராசுக்காரி ஜன்னத்து
என்னைத் தனியே இழுத்து
"ஏர்வாடிக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போயேன்" என்றாள்.

செர்லினுக்கு ஒரு பயமும் இல்லை.
"அப்பா ஆமை மாதிரிம்மா."

எந்த ஆமை?
உட்கார்ந்து பார்த்தேன்.
கூட்டத்தில் கடைசியாக ஒன்று, புதர் பாதி மறைத்தபடி.
எல்லோரும் சிரித்து முடித்து
அடுத்த கதை தொடங்கி
முயல் கேரட்டைத் தொலைத்துவிட்டு அழுகிற நேரத்தில்
ஹஹ்ஹா என்று அதற்குச் சிரிப்பு வரும்.
ஒருவரும் அதட்டுவதில்லை.
முயல்கூட
அழுகையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து
அது சிரித்து முடிக்கக் காத்திருக்கும்.
ஏர்வாடி பஸ்ஸுக்கு எடுத்துவைத்த காசில்
கால் கிலோ சீனியும் டீத்தூளும் வாங்கினேன்.

போன மாதம் ஒருநாள்
நாரையின் துணி விலகி
உள்ளே இருக்கிற கை தெரிந்தது.
கட்டைவிரலில் பிளாஸ்திரி.
"அவங்களும் நண்டு உடைக்கிறாங்களாம்மா?" என்றாள் செர்லின்.
இருக்கும் என்றேன்.

இப்போது மூன்று பேரும் பார்க்கிறோம்.
முயலுக்கு வீடு இருக்கிறது, நரிக்கு இருக்கிறது,
கிணற்றடித் தவளைக்குக்கூட
ஓட்டை விழுந்த ஒரு குடை உண்டு.
நாரை பையைக் கழற்றி மாட்டுகிற ஆணியை
ஒருநாளும் காட்டியதில்லை.
அந்தக் கதவை யார் தட்டுவார்கள்,
ஒண்ணுமில்லை என்று சொல்லவாவது?

திங்கட்கிழமை இன்னாசியிடம் கேட்டேன்.
இன்று புதன்.
டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.